மீனை ஏமாற்றும் கைத்தொழில்

அடுப்பங்கரையில் பிறந்த பொய்ப் புழுவின் கதை; செய்முறையும் ஜாக்கிரதையும்

ஏரிக்கரையில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் ஈர மண். மண்ணுக்குள் நெளியும் நாலைந்து மண்புழுக்கள். அவனுடைய மூலதனம் எல்லாம் அவ்வளவுதான். புழு தீர்ந்தால் அன்றைய வேட்டையும் தீர்ந்தது. மறுபடியும் வாய்க்கால் ஓரத்தைக் கிளறப் போக வேண்டும்.

'தீராத புழு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்று அந்தப் பையன் நினைக்காமலா இருப்பான்? உலகத்தில் அநேகர் அப்படி நினைத்திருக்கிறார்கள். சிலர் நினைத்ததோடு நில்லாமல், கத்தியும் கட்டையுமாக உட்கார்ந்து செய்தும் பார்த்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பொய் இரை. மரத்தில் செய்த மீன், தகட்டில் செய்த மீன், இறகால் கட்டிய பூச்சி, பிளாஸ்டிக்கில் வார்த்த புழு என்று அதில் எத்தனையோ தினுசுகள் உண்டு. நம் ஊரில் விராலுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் முன்பெல்லாம் உயிருள்ள தவளையைத் தேடி அலைவார்கள். இப்போது அவர்களில் சிலர் கையிலும் மெத்தென்ற பொய்த் தவளை ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சரக்கைத் தயாரிக்க இன்று பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால், பேர்பெற்ற பொய் இரைகளில் சில, சாமானிய மனிதர்களின் வீட்டில், கையில் கிடைத்த சாமான்களைக் கொண்டு பிறந்தவை என்பதுதான் விசேஷம். கடையில் வாங்காமல் தாங்களே செய்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இன்றும் ஒரு பொழுதுபோக்காக இருக்கிறது. செலவு குறைவு, தன் கையால் செய்த கட்டையை மீன் வந்து கவ்வும்போது ஏற்படும் பெருமையோ பெரிது. ஆனால், அந்தப் பெருமைக்குப் பின்னால் ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. மீனுக்கு வைத்த பொறியில் மனிதனே மாட்டிக்கொள்ளக் கூடும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கரண்டி விழுந்த கதை

முதலில் இரண்டு பழைய கதைகளைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்று ஒருவர் இருந்தார். வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஓர் ஏரியில் படகில் அமர்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த கரண்டி நழுவித் தண்ணீரில் விழுந்ததாம். பளபளவென்று மின்னி, இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே அது கீழே இறங்கியது. அதற்குள் பெரிய மீன் ஒன்று பாய்ந்து வந்து அதைக் கவ்வியதாம். பியூல் வீட்டுக்குப் போனதும், ஒரு கரண்டியின் காம்பை நறுக்கி எறிந்துவிட்டு, குழிந்த பாகத்தில் தூண்டில் முள்ளை இணைத்துப் பார்த்தார் என்கிறார்கள். கரண்டி விழுந்தது கர்ணபரம்பரைக் கதையாக இருக்கலாம். ஆனால், 1852-ல் அவர் கரண்டி இரைக்குக் காப்புரிமை பெற்றது சரித்திரம்.

இன்னொருவர் ஜேம்ஸ் ஹெடன். மிச்சிகன் மாநிலத்தில் டோவாஜியாக் என்ற ஊரில் தேனீ வளர்த்து வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் ஒரு நாள், குளக்கரையில் பொழுதுபோகாமல் ஒரு மரத் துண்டைச் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்த துண்டை அலட்சியமாகத் தண்ணீரில் வீசினார். 'பாஸ்' என்னும் மீன் ஒன்று எகிறி வந்து அதை மோதியதாம். கட்டையையே மீன் துரத்துமானால், அதில் ஒரு முள்ளைப் பொருத்தினால் என்ன? ஹெடன் மரத்தில் தவளை செய்தார். பிறகு மீன் செய்தார். கடைசியில் குடும்பமாகச் சேர்ந்து ஒரு கம்பெனியே நடத்தினார்கள்.

இரண்டு கதைக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தீர்களா? கரண்டி மீனைப் போல் இல்லை. சீவிய கட்டையும் தவளையைப் போல் இல்லை. மீனை இழுத்தது உருவம் அல்ல, அசைவு.

பசி கற்பித்த பாடம்

இந்த உண்மையை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த லவுரி ரபாலா. 1905-ல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர். அவருடைய பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. தாயும் பிள்ளையும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த ஊர்ப் பாதிரியாருக்கு அவர்களுடைய குடும்பப் பெயர் ஞாபகம் வரவில்லையாம். அவர்கள் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்களோ, அந்தக் கிராமத்தின் பெயரான 'ரபாலா' என்பதையே ஏட்டில் எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பெயரே பிற்காலத்தில் உலகமெங்கும் தூண்டில்காரர்களின் நாவில் புரண்டது.

ரபாலா காட்டில் மரம் வெட்டினார். பண்ணைகளில் கூலி வேலை செய்தார். கோடையில் பையான்னே என்னும் பெரிய ஏரியில் மீன் பிடித்தார். நீளமான கயிற்றில் நூற்றுக் கணக்கான முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் இரை கோத்துப் போட வேண்டும். மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் அத்தனை முட்களுக்கும் மறுபடி இரை கோக்க வேண்டும். இரை தேடுவதற்கே பாதி நாள் போய்விடும்.

படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டே அவர் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போகும். திடீரென்று ஒரு பெரிய மீன் கூட்டத்துக்குள் பாயும். நூறு மீன் இருந்தாலும் அது நூறையும் துரத்துவதில்லை. காயம்பட்டோ நோயுற்றோ, மற்றவற்றினின்று வேறுபட்டு, தள்ளாடித் தள்ளாடி நீந்தும் அந்த ஒரு மீனைத்தான் குறிவைத்துப் பிடிக்கும். ரபாலாவுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது: ஆரோக்கியமான மீனைப் போல் நீந்தும் பொம்மை வேண்டாம், தள்ளாடும் மீனைப் போல் நீந்தும் பொம்மை வேண்டும்!

1936-ல் அவர் உட்கார்ந்து செய்தார். கையில் இருந்த கருவிகள் செருப்புத் தைப்பவர் உபயோகிக்கும் கத்தி ஒன்று, உப்புத்தாள் கொஞ்சம். உடம்புக்குத் தக்கை. மீனின் செதிலைப் போல் மின்ன வேண்டுமே? சாக்லெட் சுற்றி வரும் வெள்ளித்தாளை மேலே ஒட்டினார். தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்கப் பூச்சு வேண்டுமே? வார்னிஷ் வாங்கப் பணம் இல்லை. பழைய புகைப்பட பிலிம்களை உருக்கிப் பூசினார். நடந்தது அவ்வளவுதான். பொம்மை தண்ணீரில் இறங்கியதும் நோயாளி மீனைப் போல் தள்ளாடியது. ஏரி மீன்கள் ஏமாந்தன.

அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கினார்கள். மனைவி எல்மாவும் பிள்ளைகளும் கூட உழைத்தார்கள். தக்கைக்குப் பதிலாக, நம் நெட்டியைப்போல் லேசான பால்ஸா மரம் வந்தது. செய்த ஒவ்வொரு பொம்மையையும் தண்ணீரில் விட்டு, சரியாகத் தள்ளாடுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே அனுப்புவது என்ற வழக்கம் அன்றே ஏற்பட்டது. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகையில் இந்தப் பொம்மையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. அப்போதுதான் காலமான நடிகை மர்லின் மன்றோவின் படம் அந்த இதழின் அட்டையில் இருந்தது. இதழ் அமோகமாக விற்றது. கூடவே ரபாலாவின் புகழும் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. குவிந்த ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் திணறினார்கள். 1974-ல் ரபாலா கண்ணை மூடியபோது, கூலிக்கு மரம் வெட்டியவரின் பெயர் கண்டங்களைக் கடந்து போயிருந்தது.

அக்ரன் நகரத்து அடுப்பு

மரமீன் இப்படிப் பிறந்தது என்றால், பிளாஸ்டிக் புழு பிறந்த இடம் சமையலறை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்று ஒரு நகரம். மோட்டார் டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். ரப்பரும் பிளாஸ்டிக்கும் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்திருந்தன என்று சொல்லலாம். 1926-ல் அங்கே ஒரு ரப்பர்க் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமான் என்ற ரசாயனி, உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்க ஒரு பசை தேடினார். பி.வி.சி. என்ற விறைப்பான பொருளை ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை. மாறாக, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் மெத்தென்ற பொருள் ஒன்று கிடைத்தது. மழைக் கோட்டு முதல் மின்சாரக் கம்பியின் உறை வரை இன்று நாம் காணும் மென்மையான பி.வி.சி. அதன் சந்ததிதான்.

அதே அக்ரனில் 1949-ல் நிக் க்ரீம் என்ற தொழிலாளியும் அவர் மனைவி காஸ்மாவும் தங்கள் வீட்டு அடுப்பில் ஒரு சமையல் செய்தார்கள். நிஜ மண்புழுவை வைத்து அச்சு எடுத்தார்கள். வினைல் பிளாஸ்டிக், எண்ணெய், சாயம் இவற்றைக் கலந்து காய்ச்சி அச்சில் ஊற்றினார்கள். அதற்கு முன்பும் ரப்பர்ப் புழுக்கள் உண்டு. ஆனால் விறைத்துக் கிடக்கும். இந்தப் புழுவோ தண்ணீரில் போட்டதும் நெளிந்தது. 1951-ல் தபால் மூலம் விற்க ஆரம்பித்தார்கள். ஐந்து புழு ஒரு டாலர். பிறகு டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் என்ற ஊரில் தொழிற்சாலையே எழுந்தது.

மரமீன் செய்யும் விதம்

சரி, இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எதில் ஆரம்பிப்பது? மரத்தில் ஆரம்பிப்பதே நல்லது. நெருப்பு வேண்டாம்; நிதானம் இருந்தால் போதும்.

லேசான, கணு இல்லாத மரத்துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் நீளம் போதும். அட்டையில் மீனின் பக்கவாட்டு உருவத்தை வரைந்து வெட்டி, அதை மரத்தின் மேல் வைத்துக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டின்படி அறுத்த பிறகு, முதுகிலும் வயிற்றிலும் சரி நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த நடுக்கோடு கோணினால் மீன் நேரே நீந்தாது. இரண்டு பக்கமும் சமமாகச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

அடுத்தது கம்பி. வயிற்றில் வாயிலிருந்து வால் வரை மெல்லிய பள்ளம் அறுத்து, துருப்பிடிக்காத கம்பி ஒன்றை உள்ளே பதித்து, மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் சிறு வளையங்கள் வெளியே தெரியும்படி விட வேண்டும். கயிறு கட்டுவது மூக்கு வளையத்தில்; முட்கள் தொங்குவது மற்ற இரண்டில். கம்பியை இப்படி முழு நீளத்துக்கும் பதித்துவிட்டால், பெரிய மீன் மரத்தைக் கடித்து உடைத்தாலும் முள் கழன்று போகாது. வயிற்றுப் பாகத்தில் கொஞ்சம் கனம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் மல்லாந்துவிடும்.

இனி உயிர் கொடுக்கும் வேலை. மோவாய்க்குக் கீழே ஒரு வெட்டுப் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை நாக்கைப் போல் செருகி ஒட்ட வேண்டும். கயிற்றை இழுக்கும்போது தண்ணீர் இந்த நாக்கில் மோதி இரு பக்கமும் மாறி மாறி வழிவதால்தான் மீன் தள்ளாடுகிறது. நாக்கு செங்குத்தாக இருந்தால் மீன் மேலாக நீந்தும். முன்பக்கம் படுத்தாற்போல் நீண்டிருந்தால் ஆழத்துக்கு முக்குளிக்கும். ரபாலாவின் ரகசியம் இந்தச் சிறு தகட்டில்தான் இருக்கிறது.

வர்ணம் பூசுமுன் மரத்துக்குள் தண்ணீர் இறங்காதபடி வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். முதுகு இருட்டாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கட்டும். ஏரி மீன்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பாருங்கள். இடது பக்கம் ஓடுகிறதா? மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலது பக்கம் வளையுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் வளைப்பதுதான் விதி. நேரே ஓடும் வரையில் பொறுமையாகத் திருத்த வேண்டும். நூறு கட்டை செய்தவர்கள்கூட இந்தக் கட்டத்தில்தான் வேர்த்து விறுவிறுத்துப் போகிறார்கள்.

புழு வார்க்கும் விதம்

பிளாஸ்டிக் புழுவுக்கு வேண்டியது 'பிளாஸ்டிசால்' என்னும் திரவம். பார்ப்பதற்குக் காய்ச்சாத பால் போலிருக்கும். பி.வி.சி. தூளின் நுண்துகள்கள் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருப்பதுதான் அது. அடியில் படிந்திருக்கும் என்பதால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையில் சூடாக்கினால், நடுவில் களி போல் கெட்டியாகும், பயந்துவிடக் கூடாது. கிளறிக்கொண்டே மேலும் சூடாக்கினால், சுமார் 175 டிகிரி சென்டிகிரேடில் மறுபடி இளகி, கண்ணாடி போல் தெளிந்துவிடும். அப்போது சாயமும் மினுமினுப்புப் பொடியும் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். ஆறியதும் உரித்தெடுத்தால் புழு தயார்.

அச்சைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவில் வீட்டிலேயே செய்யலாம். ஆனால், அது நாள்கணக்கில் நன்றாகக் காய வேண்டும். மேலே பசை பூசி அதன் நுண்துளைகளை அடைக்க வேண்டும். சிலிக்கோன், அலுமினிய அச்சுகளும் உண்டு. பழுதான புழுக்களைத் திரும்ப உருக்கி வார்க்கலாம். செய்து முடித்த புழுவை வர்ணம் அடித்த மரமீனோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். புழுவிலுள்ள எண்ணெய்த் திரவம் கசிந்து வர்ணத்தை இளக்கி, இரண்டையும் ஒட்டவைத்துவிடும்.

அடுப்பங்கரை ஆபத்து

படிக்கும்போது இது அல்வா கிண்டுவது போலத் தோன்றுகிறது அல்லவா? இங்கேதான் உஷார் வேண்டும்.

175 டிகிரி என்றால் எவ்வளவு சூடு? கொதிக்கும் வெந்நீர் 100 டிகிரி. 175 என்பது வடை வேகும் எண்ணெயின் சூடு. எண்ணெய் தெறித்தால் வழிந்து போகும். இந்தக் குழம்போ கொதிக்கும் வெல்லப் பாகைப் போல் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அச்சில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் போதும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தாற்போல் சீறித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் புகை. சூடு அளவுக்கு மீறினால் குழம்பு மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். அப்போது அது சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயுவை வெளிவிடுகிறது. தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும் வாயு அது. நம் மூக்கும் தொண்டையும் நுரையீரலும் எப்போதும் ஈரமாக இருப்பவை என்பதை ஞாபகத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் திரவங்களில் 'தாலேட்' என்ற இனத்தைச் சேர்ந்த சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களில் சேர்க்கக் கூடாது என்று 2008-ல் அமெரிக்காவிலேயே சட்டம் செய்தார்கள். தாலேட் கலவாத பிளாஸ்டிசால் இப்போது கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆகவே, நிக் க்ரீம் தம்பதிகள் 1949-ல் சமையலறையில் செய்தார்கள் என்பதற்காக நாமும் அங்கே செய்ய வேண்டியதில்லை. அவர்கள் காலத்தில் தெரியாதது நம் காலத்தில் தெரிந்திருக்கிறது. காற்றோட்டமான திறந்த வெளியில், இதற்கென்றே தனியாக வைத்த மின் அடுப்பில், உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இதில் உபயோகித்த கோப்பையும் கரண்டியும் மறுபடி சமையலறை வாசற்படியை மிதிக்கக் கூடாது. 'நன்றாகக் கழுவிவிட்டேன்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஈயத்தில் இரண்டு வகை

பொய் இரைக்குக் கனம் வேண்டும் என்றோம். முள்ளின் தலையில் குண்டு வைத்து வார்ப்பவர்கள் வழக்கமாக நாடுவது ஈயத்தைத்தான். இங்கே நம் தமிழ்ச் சொல்லே ஓர் ஏமாற்று வேலை செய்கிறது. ஈயம் என்ற பெயரில் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். தூண்டில் குண்டு வார்ப்பது காரீயத்தில். முன்னது வீட்டுக்கு வேண்டிய விருந்தாளி, பின்னது விஷம்.

காரீயம் 327 டிகிரியில் உருகும். உருக்கும்போது எழும் ஆவியிலும், மேலே படியும் கசடுத் தூளிலும் விஷம் இருக்கிறது. தகப்பனார் கொல்லையில் உட்கார்ந்து குண்டு வார்க்கிறார். அந்தத் தூள் அவர் வேட்டியிலும் கையிலும் ஒட்டிக்கொள்கிறது. தவழும் குழந்தை அதே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு விரலை வாயில் வைத்துச் சப்புகிறது. வளரும் குழந்தையின் மூளையைக் காரீயம் பாதிக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே இதில் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது.

தீங்கு வீட்டோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தின் நதிகளில் அன்னப் பறவைகள் கூட்டமாகச் செத்தன. அன்னங்கள் தின்ற உணவை வயிற்றில் அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். தூண்டில்காரர்கள் தவறவிட்ட காரீயக் குண்டுகளையும் கல் என்று நினைத்து விழுங்கிவிட்டன. 1987-ல் சிறு காரீயக் குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பதற்கு அங்கே தடை வந்தது. அதன் பிறகு அன்னங்களின் எண்ணிக்கை பெருகியது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் கொண்டாடும் பறவைக்கு, கல்லையும் காரீயத்தையும் பிரிக்கத் தெரியவில்லை!

மாற்று இல்லாமல் இல்லை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் இல்லாமல் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணீர் விட்ட குடும்பங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பிஸ்மத் என்ற உலோகம் 271 டிகிரியில் உருகும். இரண்டும் காரீயத்தைவிட லேசானவை. ஆகையால் குண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கும். விலையும் கூடத்தான். ஆனால் அதைக் குழந்தையின் மூளையோடு எடை போட்டுப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

ஏரிக்குள் போகும் குப்பை

இன்னும் ஒரு விஷயம். மண்புழு முள்ளிலிருந்து நழுவி விழுந்தால் ஏரிக்கு நஷ்டமில்லை, மக்கி மறைந்துவிடும். பிளாஸ்டிக் புழு மக்காது. கிழிந்த புழுவைத் தண்ணீரிலேயே வீசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அடியில் கிடக்கும் அந்தப் புழுவை மீன் விழுங்கினால், அது செரிக்காமல் வயிற்றில் தங்கி ஊதிக் கிடக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இந்தப் புழுக்களைத் தடை செய்யவேண்டும் என்று 2013-ல் ஒரு மசோதாவே வந்தது. தடை வரவில்லை, ஆனால் விவாதம் ஓயவும் இல்லை. சட்டம் வரும் வரை காத்திராமல், கிழிந்த புழுவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதே தர்மம். அதைத்தான் மறுபடி உருக்கி வார்க்கலாமே!

முதல் முறையாக வார்த்துப் பார்க்க விரும்பும் சிறுவர்களுக்குப் பிளாஸ்டிசாலே வேண்டாம். பலகாரங்களில் சேர்க்கும் ஜெலட்டின் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, சிறிது கிளிசரினும் சாயமும் கலந்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் மெத்தென்ற புழு கிடைக்கும். நெடுநேரம் தாங்காது, நம் சித்திரை வெயிலில் இளகியும் போகும். ஆனால் விஷப் புகை இல்லை. தண்ணீரில் விழுந்தாலும் கரைந்து போய்விடும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து செய்துகாட்டலாம்.

தூண்டில் முள்ளின் உபதேசம்

சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைப் பற்றிச் சொல்லவந்த வள்ளுவர், அது மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது போன்றது என்றார். மீனுக்குத் தெரிவது இரை, தெரியாதது முள். நாலு காசு மிச்சம் பிடிக்கவும், ஓய்வு நேரத்தை இனிமையாகக் கழிக்கவும் வீட்டில் பொய் இரை செய்கிறவர்களுக்கும் அந்த உவமை பொருந்தும். மிச்சம் பிடித்த காசு கண்ணுக்குத் தெரிகிறது. புகையும் காரீயத் தூளும் தெரிவதில்லை.

ஏரிக்கரைச் சிறுவன் ஆசைப்பட்ட தீராத புழுவை மனிதர்கள் செய்துவிட்டார்கள். அதற்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. பசித்த ஒரு மனிதர் படகிலிருந்து குனிந்து, தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார், அதுவே போதுமாயிருந்தது. அதே கூர்மையோடு நம் அடுப்பையும், கையையும், பக்கத்தில் தவழும் குழந்தையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோமானால், ஏமாறுவது மீன் மட்டுமாக இருக்கும்.